இசை பயில எங்கே அனுப்புவது? தமிழ்த் திருச்சபை வரலாறு காட்டும் விடை

ஒவ்வோராண்டும் மே, ஜூன் மாதங்களில் ஆயர் இல்லத்தை நாடி வரும் இளைஞருள் ஒருவராவது, "ஐயா, நான் இசை படிக்க விரும்புகிறேன். எந்தக் கல்லூரியில் சேரலாம்?" என்று கேட்பது வழக்கம். மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கல்லூரி தேடுவோருக்கு விடை கூறும் நாம், இக்கேள்விக்குமுன் சற்றே தடுமாறுகிறோம். கட்டணம் என்ன, விடுதி உண்டா, வேலை கிடைக்குமா என்று விசாரிப்பதோடு நின்றுவிடுகிறோம். இவ்விளைஞன் கற்றுத் திரும்பும்போது நம் சபை எவ்வாறு பாடப்போகிறது என்பதை நாம் கேட்பதில்லை.

இக்குறையை நாம் பிறர்மேல் ஏற்றவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் ஒரு கிராமச் சேகரத்தில் நாம் பணியாற்றியபோது, உபதேசியார் ஒருவருடைய மகன் இதே கேள்வியோடு நம்மிடம் வந்தான். நல்ல செவியும் நல்ல குரலும் உடையவன். பியானோ பயின்று, மேற்கத்திய இசைத் தேர்வுகளை எழுதிப் பட்டயம் பெறுமாறு நாம் உடனே கூறிவிட்டோம். அவனும் நகரத்திற்குச் சென்று, மூன்றாண்டுகள் வருந்திப் பயின்று திரும்பினான். பாமாலைகளை நான்கு குரலிலும் பிழையின்றி வாசித்தான். அவ்வாண்டு அறுப்பின் பண்டிகையில் முதிய பெண்மணி ஒருவர் ஆனந்தபைரவியில் அமைந்த கீர்த்தனையொன்றைத் தொடங்கினார். சபை அவரைத் தொடர்ந்து பாடியது. அவ்விளைஞனோ இரண்டு அடிகள் வாசித்துப் பார்த்துவிட்டுக் கைகளை எடுத்துக்கொண்டான். ஆராதனைக்குப்பின், "ஐயா, அந்தப் பாட்டி பாடுகிற சுரம் என் பலகையில் இல்லை" என்றான்.

அவன் பயின்ற கல்வியில் குறையில்லை. அவனை அனுப்பியவரின் ஆலோசனையிலேதான் குறை இருந்தது. அன்று நாம் கேளாமல் விட்ட கேள்வியை, தமிழ்த் திருச்சபையின் வரலாற்றினிடத்தில் இன்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைப்பயிற்சியைத் திருமறை அற்பமாக எண்ணவில்லை. முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்போரின் கீழ்ப் பாடக் கற்றுத் தேர்ந்தவர்களின் தொகையை 288 என்று கணக்கிட்டுக் கூறுகின்றது. ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் வேற்றுமை பாராமல் சீட்டுப்போட்டு முறை வகுக்கப்பட்டது என்றும் அதே அதிகாரம் சொல்கின்றது. ஆலயம் எழும்புவதற்கு முன்னரே ஆலயத்தில் பாடுவோரின் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது.

1. தரங்கம்பாடியும் தஞ்சையும்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவரைத் தொடர்ந்த லுத்தரன் மிஷனெரிகளும் செருமானியப் பாமாலைகளைத் தமிழில் பெயர்த்து, அவற்றுக்குரிய செருமானிய மெட்டுகளிலேயே பாடக் கற்பித்தனர். இப்பணியில் தலைசிறந்தவர் பப்ரிசியுஸ் (1711-1791). அவருடைய ஞானப்பாட்டுகள் இன்றும் நம் சபைகளில் உயிரோடு விளங்குகின்றன. எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. செருமானிய மெட்டு, சொல்லில் விழும் அழுத்தத்தைத் தழுவி நடப்பது. தமிழ் யாப்போ குறில், நெடில் என்னும் அளவைத் தழுவி நடப்பது. ஆகவே குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலிக்க நேர்ந்தது. பொருளை அறிந்து பாடிய சபையார்க்கு ஓசை அந்நியமாகவே இருந்தது.

இந்நிலையிலேதான் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) தோன்றினார். திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவனாயிருக்கும்போதே சுவார்ட்ஸ் ஐயர் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னர்த் தரங்கம்பாடியிலும் இறையியல் பயின்று, தஞ்சைப் பள்ளியின் தலைமையை இளமையிலேயே ஏற்றார். திருமறையை அவருக்குக் கற்பித்தது மிஷன் வீடு. இசையைக் கற்பித்ததோ தஞ்சை நகரமே எனலாம். அவர் வாழ்ந்த காலம் தியாகராசர் (1767-1847), சியாமா சாஸ்திரி (1762-1827), முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் காவிரிக் கரையில் பாடிய காலம். சுவார்ட்ஸின் அன்புக்குப் பாத்திரரான இரண்டாம் சரபோசி மன்னரின் (1798-1832) அரசவை வீணைக்கும் வயலினுக்கும் நாட்டியத்துக்கும் புகலிடமாய் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக் குழுவினரின் மெட்டுகளுக்குச் சாகித்தியம் இயற்றியதும், அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குப் பழக்கியதும் இதே தலைமுறையில் நிகழ்ந்தவை. மேற்கும் கிழக்கும் ஒன்றையொன்று அஞ்சாமல் செவிசாய்த்த காலம் அது.

அச்சூழலில் வளர்ந்த சாஸ்திரியார், குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு கிறிஸ்தவக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கில் இயற்றினார். இவற்றின் அருமையை உணர்ந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதன் வழியே கீர்த்தனை பொது ஆராதனையில் நிலையான இடம் பெற்றது.

ஆயினும் வரலாற்றை எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டலாகாது. அதே சாஸ்திரியார், 1820களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனெரிகள் ஆலயத்தினுள் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது, அவ்வேற்றுமைக்காக வாதாடியவர்களுள் முன்னின்றவர். தஞ்சை அவருக்கு இராகத்தையும் கொடுத்தது. அந்த இராகம் வழங்கிய சமுதாயத்தின் படிக்கட்டுகளையும் சேர்த்தே கொடுத்தது. இசை பயிலுமிடம் இசையை மட்டும் கற்பிப்பதில்லை என்பதை நாம் இங்கே முதன்முறையாகக் காண்கிறோம்.

2. திண்டுக்கல்லில் ஒரு வயலின் மாணாக்கர்

அடுத்துக் கருதத்தக்கவர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கிருந்த காலத்தில் சடையாண்டிப் பத்தர் என்னும் ஆசானிடம் வயலின் பயின்றார். கிறிஸ்தவ மாணாக்கர் ஒருவர், மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டே, வேற்றுச் சமயத்து ஆசானிடம் இசைகற்கச் சென்றார் என்பது சிறிய செய்திபோல் தோன்றலாம். அதன் விளைவு சிறிதன்று.

பின்னர்த் தஞ்சையில் குடியேறி, ஆசிரியப் பணியை விடுத்துச் சித்த மருத்துவத்தில் பெரும்பொருள் ஈட்டிய பண்டிதர், அப்பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார். தொடக்க மாணாக்கர் பயிலும் கீதங்கள் பெரும்பாலும் பிறமொழிகளில் இருந்த அக்காலத்தில், தமிழில் பயிலத்தக்க பாடல்களைக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் நூலாக 1907இல் வெளியிட்டார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிற்குத் தம் புதல்வியரோடு சென்று தம் கொள்கையை விளக்கினார். மறு ஆண்டு, 1917இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது.

அவர் எழுப்பிய வினாவின் சாரம் இதுவே. ஒரு தாயியில் அடங்கும் சுருதிகள் எத்தனை? சாரங்கதேவர் முதலியோரைப் பின்பற்றி 22 என்றனர் பலர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்த பண்டிதர், 22 என்பது பொருந்தாது, 24 என்பதே பண்டைத் தமிழர் கண்ட முறை என்று வாதிட்டார். அவருடைய முடிவை அறிஞர் யாவரும் ஏற்கவில்லை. ஆயினும் பியானோவிலும் ஆர்மோனியத்திலும் காணும் பன்னிரண்டு கட்டைகளுக்குள் நம் பாட்டு அடங்கிவிடாது என்பதை அவர் அழுத்தமாக நிலைநாட்டினார். "பாட்டி பாடுகிற சுரம் என் பலகையில் இல்லை" என்று அவ்விளைஞன் நம்மிடம் சொன்னதற்கு முன்னரே, தஞ்சைக் கிறிஸ்தவர் ஒருவர் ஆயிரம் பக்கங்களுக்கு மேலாக அதற்கு விளக்கம் எழுதியிருந்தார். நாம்தாம் அதைப் படித்தோமில்லை.

பண்டிதரின் காலத்தில் அவர் சென்று சேரத்தக்க இசைக்கல்லூரி தமிழகத்தில் இல்லை. ஆகவே அவர் ஆசான் இருந்த இடத்தைத் தேடிச் சென்றார்; தாம் வளர்ந்தபின் பிறர் கூடிக் கற்பதற்கு ஓர் இடத்தையும் அமைத்தார். இசைக்கல்வியை ஒரு குடும்பத்தின் உடைமையாக விடாமல் பொதுச்சபையின் முன் கொண்டுவந்த முன்னோடிகளுள் நம் சபையினர் ஒருவர் இருந்தார் என்பது நாம் நன்றியோடு நினைக்கவேண்டியது.

3. கற்றுக்கொண்ட மிஷனெரி

இலண்டன் மிஷனைச் சார்ந்து ஈரோட்டுப் பகுதியில் பணியாற்றிய எச். ஏ. பாப்லி ஐயர், கருநாடக இசையை முறையாகக் கற்று, கதாகாலட்சேப வடிவில் நற்செய்தி கூறினார். 1914இல் எல். ஐ. ஸ்டீபன் என்பாரோடு சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கைந்நூல் எழுதினார். 1921இல் இந்திய இசையைப்பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்தது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவர்களுள் இவரும் ஒருவர். 1920களில் சென்னையில் கோடைகால இசைப்பள்ளி நடத்துவதில் முன்னின்றார்.

அக்கோடைப்பள்ளியோடு தொடர்பு கொண்டிருந்த பி. சாம்பமூர்த்தி (1901-1973) பின்னர் 1931இல் செருமனியின் மியூனிக் நகருக்குச் சென்று மேற்கத்திய இசை பயின்றார். திரும்பி வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கருநாடக இசையையே கற்பித்து, மாணாக்கர் கைகளில் தவழும் பாடநூல்களை எழுதினார். ஆங்கிலேயராகிய பாப்லி இங்குள்ளதைக் கற்றார். தமிழ் வழங்கும் நாட்டவராகிய சாம்பமூர்த்தி அங்குள்ளதைக் கற்றார். இருவரும் தாம் யாருக்காகக் கற்கிறோம் என்பதை மறக்கவில்லை. வெளிநாட்டு இசை கற்பது தவறு என்று நாம் கூறவில்லை என்பதற்கு இவ்வெடுத்துக்காட்டே போதுமானது.

4. வாசல் திறந்த கல்லூரிகள்

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டிக் கூடிய இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசரின் கொடையால் இசைக்கல்லூரி எழுந்தது. அது பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் இசைக்கல்வியைத் தொடங்கியது. 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. 1949இல் அரசு நிறுவிய மத்தியக் கருநாடக இசைக்கல்லூரி, முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. இன்று சென்னை, மதுரை, திருவையாறு, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகளும், பல மாவட்டங்களில் இசைப்பள்ளிகளும் உள்ளன. 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமும் சென்னையில் அமைக்கப்பட்டது.

இவ்வாண்டுகளை நாம் அடுக்கிக் கூறுவதற்குக் காரணம் உண்டு. குருகுலத்தில் சேர்வதற்கு ஆசானின் இசைவு வேண்டும். அவர் வீட்டில் தங்க வேண்டும். அவ்வீட்டு அடுப்பங்கரையும் திண்ணையும் யாரை ஏற்கும், யாரை ஏற்காது என்பதை அனைவரும் அறிவர். கல்லூரி வந்தபோது விண்ணப்பத்தாள் வந்தது. பிறப்பைச் சொல்லித் தயங்கி நின்றவன், மதிப்பெண்ணையும் குரலையும் காட்டி உள்ளே நுழையும் வழி பிறந்தது. குருகுலத்தின் நீண்ட கேள்வியும் இடையறாப் பழக்கமும் கல்லூரியின் மணிக்கணக்கில் கிட்டுவதில்லை என்று மூத்த வித்துவான்கள் வருந்துவது நியாயமே. எனினும் திறந்த வாசலின் அருமை, மூடிய வாசலின்முன் நின்றவனுக்கே தெரியும்.

வாசல் திறந்தபின்னும் மொழிச் சிக்கல் இருந்தது. பயிற்சியிலும் மேடையிலும் தெலுங்கும் வடமொழியுமே ஓங்கி நின்றன. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடத்தைக் கேட்டன. அப்போது நாட்டில் பெரும் வாதம் நடந்தது. அவ்வாதத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தமிழில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த சமுதாயம் நம்முடையது. ஆனால் அச்செல்வத்தைப் பண்முறைப்படி காத்துக் கற்பிக்கும் கடமையை நாம் போதிய அளவு ஏற்றோமா? நம் கீர்த்தனை நூல்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டுள்ளன. பாடுவதோ, பல சபைகளில், அவ்விராகத்தைச் சாராத வேறொரு மெட்டில். கத்தோலிக்கச் சகோதரர் 1970களின் பிற்பகுதியில் திருச்சியில் கலைக்காவிரியைத் தொடங்கி, இசையும் நாட்டியமும் பயிலும் கல்லூரியாக அதை வளர்த்திருப்பதை நாம் மகிழ்ச்சியோடும் சற்றே நாணத்தோடும் நோக்கவேண்டும்.

5. கல்லூரிக்கு வெளியே இருந்த இசை

இவ்வளவும் கூறியபின் ஒரு பெரிய கேள்வி எஞ்சுகின்றது. கருநாடக இசைதான் தமிழ் மக்களின் இசையா? வயலில் நாற்று நடுவோரும், ஏற்றம் இறைத்தோரும், பிள்ளையைத் தாலாட்டுவோரும், இறந்தோர்க்கு ஒப்பாரி வைப்போரும் பாடியதற்கு எந்தக் கல்லூரியில் இருக்கை இருந்தது? இசைக்கல்லூரிகள் தோன்றியபோது அவற்றின் பாடத்திட்டத்தில் வீணைக்கு இடமிருந்தது, பறைக்கு இடமில்லை. நம் சபையாரில் பெரும்பகுதியினர் பறையொலி கேட்டு வளர்ந்தவர்கள். அவ்வொலியை இழிவென்று பிறர் சொல்லக் கேட்டு, ஆலயத்தினுள் அதைக் கொண்டுவர அஞ்சியவர்கள்.

இவ்வச்சத்தை எதிர்த்து நின்றவர் தெயோபிலஸ் அப்பாவு ஐயர் (1940-2005). மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அவர் ஆசிரியராய் விளங்கினார். பறட்டை அண்ணன் என்ற பெயரில் பாடினார். மேற்கத்திய இசையையும் கருநாடக இசையையும் அறிந்தே நாட்டுப்புற இசையைத் தெரிந்துகொண்டவர் அவர். அதற்கு அவர் காட்டிய காரணங்களை இறையியல் மாணாக்கர் கருத்தூன்றிப் பார்க்கவேண்டும். நாட்டுப்புற மெட்டு எல்லாருடைய குரலுக்கும் எட்டும் எல்லைக்குள் நடப்பது. ஒருவர் எடுத்துக்கொடுக்க அனைவரும் பாடத்தக்கது. எழுத்தறியாதவரும் அதில் ஓர் அடியை மாற்றிப் பாடித் தமதாக்கிக்கொள்ள இயலும். ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்ணும் உணவைத் திருவிருந்தின் அடையாளமாகக் கண்டவர், பாட்டையும் அவ்வாறே பகிரத்தக்கதாகக் கண்டார். சாஸ்திரியார் காலத்தில் ஆலயத்தில் தனித்தனி இடம் கேட்ட சமுதாயத்திற்கு, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் பாட்டின் வழியே வந்த மறுமொழி இது எனலாம்.

அப்பாவு ஐயர் இவ்விசையை எந்த இசைக்கல்லூரியிலும் பட்டம் பெற்றுக் கற்கவில்லை. கிராமத்து மக்களே அவருக்கு ஆசிரியர். ஆயின் கிராமத்தையும் ஒரு கல்லூரியாக நாம் மதிக்கவேண்டியவர்களாகிறோம். அங்கே சேர்க்கைக் கட்டணம் இல்லை. பணிவு ஒன்றே நுழைவுத் தேர்வு.

6. ஆயர் கேட்கவேண்டியவை

ஆகவே இனி நம்மிடம் வரும் இளைஞனுக்கு நாம் என்ன கூறுவோம்? ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லுமுன் சில கேள்விகளை அவனோடு அமர்ந்து ஆராய்வோம்.

முதலாவது, எந்த மக்கள் நடுவில் பாடுவதற்காக நீ கற்கிறாய்? நகரச் சபையின் பாடகர் குழுவை நடத்துவதானால், நான்கு குரல் இசையும் ஆர்கன் பயிற்சியும் இன்றியமையாதவை. அதற்குரிய இடத்திற்கே செல்லவேண்டும். கீர்த்தனையை அதன் இராகத்தோடு மீட்டுத் தருவதே விருப்பமானால் அரசு இசைக்கல்லூரியோ பல்கலைக்கழகத் துறையோ தக்கது. கட்டணச் சுமையும் அங்கே ஓரளவு குறைவு. கிராமச் சேகரத்தில் பணியாற்ற அழைப்புண்டானால், எங்கே பயின்றாலும் விடுமுறைதோறும் ஊருக்குத் திரும்பி, முதியோரிடம் அமர்ந்து கேட்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது, அங்கே ஆசிரியர் யார்? இசைக்கல்வியில் கட்டடத்தைவிட ஆசான் பெரியவர். சேருமுன் அங்கு பயிலும் மூத்த மாணாக்கரைப் பாடச் சொல்லிக் கேட்பது நலம். ஆசான் வேற்றுச் சமயத்தவராயிருப்பதுபற்றிச் சில பெற்றோர் கலங்குகின்றனர். சடையாண்டிப் பத்தரிடம் பயின்ற ஆபிரகாம் பண்டிதரின் விசுவாசம் குறைந்ததா என்று அவர்களிடம் கேட்கலாம். அதே வேளையில், எவ்விடத்தும் இசையோடு சேர்ந்து மனப்பான்மையும் கற்பிக்கப்படுகிறது என்பதை மாணாக்கனுக்கு உணர்த்திவிடவேண்டும். தான் கற்றது உயர்ந்தது, தன் தாய் பாடியது தாழ்ந்தது என்னும் எண்ணத்தோடு அவன் திரும்புவானானால், எந்தப் பட்டமும் சபைக்குப் பயன்படாது.

மூன்றாவது கேள்வியை இளைஞனிடமன்றி நம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். அவன் கற்று வந்தால் சபை அவனுக்கு என்ன செய்யும்? இறையியல் பயில்வோர்க்கு உதவித்தொகை உண்டு. இசை பயில்வோர்க்கு நாம் அறிந்த வரையில் அஃது அரிது. பட்டயம் பெற்றுத் திரும்பியவனைப் பண்டிகைதோறும் இலவசமாக வாசிக்கச் சொல்லி, ஒரு சால்வையோடு அனுப்பிவிடுகிறோம். அவன் பிழைப்பு நாடித் திரையிசைக்கோ வேறு தொழிலுக்கோ சென்றால் அவனைக் குறைகூறவும் செய்கிறோம். எருசலேமின் பாடகர் இரவும் பகலும் தங்கள் பணியிலேயே இருந்தமையால் வேறு வேலையினின்று விடுவிக்கப்பட்டிருந்தனர் என்று முதலாம் நாளாகமம் 9ஆம் அதிகாரம் கூறுவதை நம் சேகரக் குழுக்கள் படித்துப் பார்த்தல் வேண்டும்.

நாம் மேலே குறிப்பிட்ட உபதேசியார் மகன் இசையைக் கைவிடவில்லை. நகரத்துப் பள்ளியொன்றில் இசையாசிரியனாகச் சேர்ந்தபின், மாலைதோறும் வயலின் ஆசான் ஒருவரிடம் தொடக்கப் பாடமாகிய சரளி வரிசையிலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கினான். சில ஆண்டுகளுக்குப்பின் ஊருக்கு வந்து அதே கீர்த்தனையை அவன் வயலினில் வாசித்தபோது நாமும் அங்கிருந்தோம். அதைத் தொடங்கிக் கொடுக்கவேண்டிய அந்த மூதாட்டி அப்போது உயிரோடு இல்லை. முதலிலேயே நாம் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் அதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

நம் சபைகளில் பழைய கீர்த்தனைகளை இராகத்தோடு பாடுவோரும், வயற்பாட்டுகளை நினைவில் வைத்திருப்போரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களிடத்தில் கற்கும் காலம் நீண்டதன்று. இவ்வாண்டு நம்மிடம் வரும் இளைஞனையும் இளம்பெண்ணையும் முதலில் அவர்களிடத்தில் அழைத்துச் செல்வோம். அதன்பின் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். பாடுவோரைத் தம் ஆலயத்திற்கென ஏற்படுத்தின ஆண்டவர், அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையும் உணரும் இருதயத்தை நமக்கு அருள்வாராக.